என் ரயில்கள் என் ஓய்வுக்காலத்தைக் காப்பாற்றுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. விருப்ப ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இருபத்தைந்து வருடமாக ஹெச்ஓ (HO) அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவுள்ள, மாதிரி ரயில்கள் சேர்த்து வருகிறேன். 118 இன்ஜின்கள், நானூற்றுச் சொச்சம் பெட்டிகள், ஓர் அறை நிறைய லேஅவுட் (ரயில் ஓடும் தண்டவாள மேஜை). ஒவ்வொன்றையும் வாங்கிய விலையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டினால் என் ஓய்வுப் பணத்தில் பாதி அளவு வருகிறது. அந்தத் தைரியத்தில், ஓய்வுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து இணையத்தில் மாதிரி ரயில் கடை தொடங்க நினைக்கிறேன். மொத்த விற்பனையாளர் ஒருவர் முதல் ஆர்டரை இந்த மாதக் கடைசிக்குள் கேட்கிறார். வீட்டுக் கடன் இன்னும் நான்கு வருடம் பாக்கி. மனைவி, ‘ஆசை வேறு, அடுப்பு வேறு’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அவசரமான விஷயம். இந்த மாதக் கடைசி ஆர்டரைப் போடாதீர்கள். காரணத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

விலையை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சேர்ப்பவர்களில் இதைச் செய்பவர்கள் குறைவு, அதனால் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் நோட்டில் இருப்பது நீங்கள் கொடுத்த காசு. இன்று ஒருவர் உங்களுக்கு எவ்வளவு கொடுப்பார் என்பது தனிக் கணக்கு, அதை நீங்கள் இன்னும் போடவில்லை. அதைப் போட ஒரு மாலை நேரம் போதும். நோட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருபது இன்ஜின்களைக் குறியுங்கள். ஏல இணையதளங்களில் அதே மாடல் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்கிற விலை யார் வேண்டுமானாலும் போடலாம், ஒரே இன்ஜின் இரண்டு வருடம் அந்த விலையிலேயே விற்காமல் கிடக்கும். விற்று முடிந்த விலையிலிருந்து தளத்தின் கமிஷன், பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் கழியுங்கள். இருபதுக்கும் வந்த தொகையை நோட்டில் உள்ள தொகையோடு ஒப்பிட்டால் ஒரு விகிதம் கிடைக்கும். உங்கள் சேகரிப்பின் மதிப்பு ஏறக்குறைய அதுதான். அதுவும் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் உட்கார்ந்து விற்றால். மொத்தமாக ஒரே வியாபாரியிடம் கொடுத்தால் இன்னும் குறையும், ஏனென்றால் அவர் தன் லாபத்தையும் தேங்கும் சரக்கின் நஷ்டத்தையும் முதலிலேயே கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார்.

லேஅவுட்டுக்குப் பூஜ்யம் போடுங்கள். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. மலையும் சுரங்கமும் சிக்னலும் செய்ய எத்தனை இரவு விழித்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் அந்த மேஜை அந்த அறையின் அளவுக்குச் செய்தது. வாங்குபவர் அதை அறுத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். தண்டவாளமும் தடம் மாற்றும் பாயிண்ட் மோட்டாரும் கழற்றினால் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான்.

பழையது என்றாலே விலை ஏறும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கணவரை இழந்த ஓர் அம்மா சில வருடங்களுக்கு முன் கணவரின் சேகரிப்பைக் கணக்கிடச் சொல்லி என்னை வீட்டுக்கு அழைத்தார். அட்டைப்பெட்டி புதுசு போல இருந்தது, உள்ளே சுற்றியிருந்த டிஷ்யூ காகிதம்கூடக் கசங்கவில்லை. இன்ஜினைத் தூக்கியதும் அடியில் சாம்பல் நிறத் தூள் கொட்டியது. சக்கரச் சட்டம் கண்ணாடியில் விரிசல் விட்டது போல நெடுகக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. விரல் பட்ட இடம் பழைய சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துத்தநாகக் கலவையில் காரீயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே இப்படி அரித்து வீங்கும். சேர்ப்பவர்கள் இதை ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது சகஜம், 2000-களில் தயாரான சில இன்ஜின்களிலும் வந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் நிற்காது. அந்த இன்ஜினுக்கு அவர் கணவரின் நோட்டில் பெரிய தொகை எழுதியிருந்தது. நீங்களும் பத்து வருடமாகத் திறக்காத பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

உடையாத மாடலுக்கும் விலை இறங்கலாம். அதே இன்ஜினை நிறுவனம் புதிய வார்ப்பு அச்சில், ஒலி டீகோடரோடு (இன்ஜினை இயக்கி ஒலியும் எழுப்பும் சின்ன மின்னணுப் பலகை), இன்னும் நுணுக்கமாக வெளியிட்டால் பழைய பதிப்பு ஒரே வாரத்தில் இரண்டாம் தரமாகிவிடும். லிமிடெட் எடிஷன் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதும் பெரிய காப்பு இல்லை. எண்ணும் வண்ணமும் மாற்றி அடுத்த வருடம் இன்னொரு லிமிடெட் எடிஷன் வரும். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. தான் சிறுவயதில் பார்த்த ரயிலைத்தான் மனிதர் பெரும்பாலும் தேடுவார். அந்தத் தலைமுறை போனால் அந்த ரயிலுக்கான போட்டியும் தணிந்துபோகும். நீங்கள் விற்க நினைக்கும் காலத்தில்தான் உங்கள் வயதுக்காரர்களின் வாரிசுகளும் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

சரி, இப்போது கடை.

சின்னதாக ஒரு கணக்கு. இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் மொத்த விற்பனையாளரின் தள்ளுபடியைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பட்டியல் விலை 100 உள்ள இன்ஜினை 70-க்கு வாங்குகிறீர்கள். இணையத்தில் போட்டிக்காக 10 குறைக்க வேண்டும். பணம் வாங்கும் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்த்து 6. கைக்கு வருவது 84. பத்து இன்ஜினுக்குப் போட்ட முதல் 700. எட்டு விற்ற பிறகு கையில் 672. அதாவது பத்தில் எட்டு போன பின்னும் போட்ட காசு திரும்பவில்லை! ஒன்பதாவதில்தான் முதல் திரும்புகிறது, லாபத்தின் பெரும்பகுதி பத்தாவதில்தான். பத்தாவது இன்ஜின் அலமாரியிலேயே நின்றுவிட்டால்? இந்தத் தொழிலில் நிற்பது பத்தாவது மட்டுமில்லை. ஓடுகிற இன்ஜினைத் தர, ஓடாத பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்வது மொத்த வியாபாரத்தில் புதிதல்ல. அந்த முதல் ஆர்டர் படிவத்தை வரிவரியாகப் பாருங்கள், அதில் உங்கள் கைக்காசில் நீங்களே வாங்க நினைக்காத உருப்படிகள் எத்தனை என்று எண்ணுங்கள்.

அப்புறம் அளவுகளின் பிரச்சினை. ஹெச்ஓ என்பது 1:87, ‘என்’ (N) அளவு 1:160, ‘இசட்’ (Z) அளவு 1:220. ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஏறாது. ஹெச்ஓவுக்குள்ளேயே ஜெர்மன் நிறுவனமான மெர்க்லினின் மூன்று கடத்தி மாறுமின்னோட்ட முறைக்கும் மற்றவர்களின் இரு தண்டவாள முறைக்கும் ஒத்துவராது. சோப்பு விற்கும் கடையில் எந்தச் சோப்பும் எந்தக் கைக்கும் ஆகும். இங்கே ஒவ்வொரு உருப்படியும் வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும்தான். எல்லாம் வைத்தால் முதல் சிதறும், ஒன்றை மட்டும் வைத்தால் ஆள் குறைவு.

சரக்கு வரும் வழியும் உங்கள் கையில் இல்லை. பல நிறுவனங்கள் சீனாவில் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் செய்துவாங்குகின்றன. பல பிராண்டுகளுக்குச் செய்துகொடுத்த சாண்டா கான் தொழிற்சாலையை, பாக்மன் என்ற மாதிரி ரயில் பிராண்டின் தாய் நிறுவனமான கேடர் 2008-ல் வாங்கியது. அதன் பிறகு மற்ற பிராண்டுகள் வேறு இடம் தேடி அலைந்தன, அறிவித்த மாடல்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போயின. தாமதத்தில் முதலில் திணறுவது சிறு கடை, ஏனென்றால் வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

பெரியவர்களே தடுமாறிய தொழில் இது. மெர்க்லின் 1859-ல் தொடங்கியது. 150-வது ஆண்டில், 2009 பிப்ரவரியில், திவால் மனு கொடுத்தது. பிறகு மீண்டு வந்தது, 2013-ல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் குழுமத்தின் உரிமையாளர் குடும்பம் அதை வாங்கியது. 1900-ல் தொடங்கிய அமெரிக்க மாதிரி ரயில் நிறுவனமான லயனல் ஒரு வழக்கில் தோற்று 2004-ல் திவால் பாதுகாப்பு கேட்டு, 2008-ல்தான் வெளியே வந்தது. லிவர்பூலில் 1946-ல் ஆரம்பித்த ஹாட்டன்ஸ், இணைய விற்பனையில் பெயர் பெற்ற கடை, 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. இவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாமல் இல்லை. பொழுதுபோக்குக்கான செலவு, வீட்டுச் செலவு நெருக்கும்போது முதலில் வெட்டப்படும் செலவு. அதனால் வருமானம் ஒரு வருடம்போல் இன்னொரு வருடம் இருக்காது. தொழிற்சாலை வைத்திருப்பவர் அந்த மேடுபள்ளத்தைத் தாங்கலாம். சம்பளம் நின்றுபோன 56 வயதுக்காரர் எதை வைத்துத் தாங்குவார்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். சேகரிப்பு, கடைச் சரக்கு இரண்டும் ஒரே மக்களின் ஒரே ஆசையை நம்பி நிற்கின்றன. அந்த ஆசை தணிந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும், அதே நேரத்தில் கடன் தவணை மட்டும் இறங்காது. ஓய்வுப் பணமாவது அந்தத் தண்டவாளத்தில் ஏறாமல் இருக்கட்டும். நான்கு வருடத் தவணைக்கான தொகையையும், இரண்டு வருட வீட்டுச் செலவையும் முதலில் தனியாக ஒதுக்குங்கள். இந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

ஆனால் அவர் சொன்னதை ‘ரயிலை விட்டுவிடு’ என்று நான் படிக்கவில்லை. நீங்களும் அப்படிப் படிக்க வேண்டாம்.

நோட்டின் மீது உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது அல்லவா? அந்த நோட்டையே கடைக்கு முதலாகப் போடுங்கள். இரண்டு முறை வாங்கியவை, ஓட்டவே ஓட்டாதவை, வாங்கிய பிறகு மனம் ஒட்டாதவை என்று 118-ல் ஒரு இருபது முப்பது தேறும். அவற்றை விற்று வருகிற காசு மட்டும்தான் கடையின் முதல், ஓய்வுப் பணத்திலிருந்து ஒரு காசும் வேண்டாம். நோட்டில் எழுதியது சரி என்றால் நல்ல முதல் சேரும். தவறு என்றால், வீட்டுப் பணத்தில் கை வைக்காமலே தெரிந்துகொண்டீர்கள். விற்கும்போது ஒரு கடைக்காரரின் அன்றாடமும் புரியும்: படம் எடுப்பது, கேள்விக்குப் பதில், உடைந்து திரும்பிய பார்சல், ‘கொஞ்சம் குறையுங்களேன்’.

கடையைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது உங்கள் கை. இருபத்தைந்து வருடத்தில் எத்தனை இன்ஜினைப் பிரித்துச் சேர்த்திருப்பீர்கள்! நல்ல இன்ஜின் ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக் என்று துள்ளி ஓடும். வைத்திருப்பவர் மோட்டார் போய்விட்டது என்று பயப்படுவார். கவிழ்த்துப் பார்த்தால், அச்சில் இறுக்கமாக மாட்டிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மயிரிழை விரிசல். விரிசல் இருக்கும் இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி அகன்று, அங்கே வரும்போதெல்லாம் துள்ளுகிறது. மாற்ற வேண்டிய பாகம் ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லை, விலையும் அற்பம். அதைக் கண்டுபிடித்து மாற்றும் கைக்குத்தான் காசு. டீகோடர் பொருத்துவது, ஒலி சேர்ப்பது, கணவர் அல்லது அப்பா விட்டுப்போன சேகரிப்பைக் கணக்கெடுத்து வகைப்படுத்தித் தருவது, எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறார்கள். சரக்கு தேங்காது. நஷ்டம் என்று பார்த்தால் உங்கள் நேரமும் ஒரு சால்டரிங் நுனியும். முதல் வருடம் இதைச் செய்யுங்கள், வருமானத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், வரிக்கான பங்கை ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள்.

முன்பதிவுகள் ஏதாவது நிலுவையில் இருந்தால் பட்டியலிடுங்கள். முழுப் பணமும் முன்கூட்டி வாங்குபவர்களிடம் எச்சரிக்கை தேவை. மாடலின் வார்ப்பு அச்சைச் செய்யவே உங்கள் காசைத் திரட்டும் சிறு தயாரிப்பாளர் இடையில் கடையை மூடினால், பணம் கொடுத்தவர் வரிசையில் கடைசியில் நிற்பார். ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனி மாதம் இவ்வளவுதான் ரயிலுக்கு என்று ஒரு தொகையை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு பழைய இன்ஜின் விற்றாக வேண்டும்.

நோட்டில் இன்னும் இரண்டு பத்தி சேர்க்கச் சொல்வேன். ஒன்றில் இன்றைய விற்பனை விலை. இன்னொன்றில், உங்களுக்குப் பிறகு இதை யாரிடம் காட்ட வேண்டும் என்று உங்கள் நண்பர் ஒருவரின் பெயர். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள், படங்களை வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். நான் சொன்ன அந்த அம்மாவிடம் ஒருவர் பெட்டிக்கு இவ்வளவு என்று எண்ணி, திறந்துகூடப் பார்க்காமல் விலை பேசியிருந்தார். பெட்டிகளில் நல்லவை நிறைய இருந்தன. அவற்றைப் பிரித்துச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

மொத்த விற்பனையாளருக்கு இன்றே எழுதுங்கள். ‘இந்த முறை வேண்டாம், அடுத்த வருடம் பேசலாம்’ என்று இரண்டு வரி போதும். உங்களை வாடிக்கையாளராக அவர் விரும்பினால் அடுத்த வருடமும் படிவம் அனுப்புவார். அதற்குள் அந்த இருபது இன்ஜின் கணக்கை முடித்து விகிதத்தை எனக்கு எழுதினால், தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒதுக்கியது போக மிச்சத்தை எங்கே வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.