டேஷ்போர்டுக்குக் கீழே வயரைச் செருகும் மகள்: ஒரு தகப்பனாருக்கு

அண்ணா,

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து நீங்கள் கேட்ட ஒரு கேள்வி மனதிலேயே நிற்கிறது. "இந்த டாக்ஸிதான் மேடம் எங்களுக்குச் சோறு போடுது. அதுல லேப்டாப்பை மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கா. படிப்பும் போய் வண்டியும் போயிடுமோ?" கட்-ஆஃப், கவுன்சலிங் என்று பேசிய அவசரத்தில் அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. ஓபிடி என்பார்கள். சர்வீஸுக்கு விட்டால் மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுவது அதில்தான். புகையைக் கட்டுக்குள் வைக்க அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். இன்று நம்மூர்க் கார்களிலும் அதே சாக்கெட்தான். பாப்பா சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய அடாப்டர், அந்த சாக்கெட்டுக்கும் அவளுடைய பழைய லேப்டாப்புக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி.

அவள் நோட்டைப் புரட்டிக் காட்டினாளே, அப்போது உங்களுக்கு போன் வந்து வெளியே போய்விட்டீர்கள். அதில் ஒரு பக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் 01 05 என்று டைப் செய்திருக்கிறாள். 'இன்ஜின் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு?' என்று கேட்பது அது. வண்டி 41 05 46 என்று பதில் அனுப்பியிருக்கிறது. முதல் இரண்டும் 'நீ கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறேன்' என்பதற்கு. கடைசி 46-ல்தான் விஷயம். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல் கம்ப்யூட்டர்காரர்கள் பதினாறு பதினாறாக எண்ணுவார்கள். நாலு பதினாறு 64, கூட ஆறு, 70. அதில் 40-ஐக் கழித்தால் 30 டிகிரி. பனி கொட்டும் ஊர்களில் மைனஸ் 40 வரை சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் கழித்தல். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். கடைசி வரியில் 82. எட்டு பதினாறு 128, கூட இரண்டு, 130, நாற்பது போனால் 90 டிகிரி. பக்கத்திலேயே மணியும் போட்டிருக்கிறாள். இதை அவளுக்கு யாரும் வகுப்பில் நடத்தவில்லை.

வண்டிக்கு ஆபத்தா என்றால், இப்படிக் கேட்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும்; அந்த சாக்கெட்டில் பேட்டரி கரன்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், மாட்டியே விட்டால் பேட்டரி இறங்கலாம். நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து புதுப்புது கட்டளைகளை முயன்று பார்ப்பது கூடவே கூடாது. செக் இன்ஜின் லைட் எரிந்தால் கோளாறைச் சொல்லும் கோட் எண்ணைப் படிக்கட்டும், அழிக்க வேண்டாம். அழித்தால் கோளாறு வந்த நேரத்தில் இசியூ (வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) பதிந்து வைத்த விவரமும் சேர்ந்து போய்விடும், மெக்கானிக் தடுமாறுவார். இசியூவில் புது சாஃப்ட்வேர் ஏற்றுவது உங்கள் வண்டியில் வேண்டவே வேண்டாம். ஏற்றும்போது பாதியில் பேட்டரி வோல்டேஜ் விழுந்தால் வண்டி அசையாமல் நின்றுவிடக்கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தை தெரிந்த பிள்ளை என்று தெரிந்தால், பழைய கார் விற்கிறவர் யாராவது கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்லி வருவார். நல்ல காசு கிடைக்கும் என்பார். அது வாங்குகிறவரை ஏமாற்றுவது. அந்த வாசலை இப்போதே சாத்தி வையுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். "கார் மேல் ஆசை என்றால் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்தானே?" என்றீர்கள். நான் அவளிடம் வேறு ஒன்று கேட்டேன். போன மாதம் வண்டி உதறியபோது பி 0301 என்று கோட் வந்ததாம், முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. மெக்கானிக் வந்து தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றிச் சரிசெய்தார். அப்போது நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றேன். காயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாலு சிலிண்டர்ல முதல் சிலிண்டர்தான்னு பெட்டிக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது, எந்த சிலிண்டர் முறையில் சுற்று கொஞ்சம் தளர்கிறதோ அதை வைத்து இசியூ கண்டுபிடிக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

காயிலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்திருந்தால் நானும் ஆட்டோமொபைல் என்றே சொல்லியிருப்பேன். இவள் கண் சிக்னல் மேல் இருக்கிறது. அதனால் என் யோசனை இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), அது கிடைக்காவிட்டால் ட்ரிபிள்இ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்). கம்ப்யூட்டர் சயின்ஸ் தப்பில்லை, ஆனால் அதில் சர்க்யூட்டைத் தொடுவது குறைவு. காருக்குள் இன்று பல இசியூக்கள், பெரும்பாலும் இரண்டே வயரில் பேசிக்கொள்கின்றன. அந்த முறைக்கு கேன் என்று பெயர் (தண்ணீர் கேன் இல்லை). பாஷ் நிறுவனம் 1983-ல் உருவாக்கத் தொடங்கி 1986-ல் வெளியிட்டது. அதைச் சோதிப்பதும், அதற்குப் புரோகிராம் எழுதுவதும், வெளியாள் உள்ளே நுழையாமல் காப்பதும் இன்று தனித்தனி வேலைகள். 2015-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்தே ஒரு ஜீப்பை இன்டர்நெட் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்ட, 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலைகளுக்கு அவள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ரிசர்ச் வேலி, ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் மையம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் அக்கா "பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக் வேலையா" என்றாராம். பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் நடக்கிற வேலை இது. சில நாள் டெஸ்ட் டிராக்கில் வெயிலில் வண்டிக்குள் உட்கார வேண்டிவரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் மகள் அதற்கு அஞ்சுகிற ஆளாக எனக்குத் தெரியவில்லை.

கட்-ஆஃப் 200-க்குத்தான். கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. அதனால் பொதுத்தேர்வு முடியும் வரை லேப்டாப் ஞாயிறு மட்டும் என்று பேசி வையுங்கள், பிடுங்கி வைக்காதீர்கள். எட்டுகிற மதிப்பெண் வந்தால் முதல் விருப்பமாக குரோம்பேட்டை எம்ஐடியை (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) போடுங்கள். 1949-ல் சி. ராஜம் தொடங்கியபோதே ஆட்டோமொபைலையும் எலெக்ட்ரானிக்ஸையும் ஒரே வளாகத்தில் வைத்த இடம். மற்ற கல்லூரிகளுக்குப் போனால் பில்டிங்கைப் பார்க்காதீர்கள், லேபில் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

பரீட்சை முடிந்த பிறகு வரும் விடுமுறைக்கு ஒரு வழி. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் வண்டியே இல்லாமல் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய் கேன் உண்டாக்கலாம், காசு ஆகாது. சி மொழி, பைத்தான் இரண்டையும் அதில் பழகட்டும். பிறகு இரண்டு ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றிப் பழகும் சின்ன சர்க்யூட் போர்டு), இரண்டு கேன் போர்டு வாங்கி ஒன்றோடொன்று பேச வைக்கட்டும். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும், கரன்டை நிறுத்திவிட்டு இரண்டு வயருக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். ஏன் 60 என்று அவளுக்கு பிசிக்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் டிரிப்புக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் அண்ணா. வண்டியை நிறுத்தியபடியே கிளப்பிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். எண் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஏற்றம் தணியும், கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் என்கிற வால்வு திறக்கிற இடம் அது. ஏற்றம் ஏன் தணிகிறது என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு போன் பண்ணுங்கள்.