சாவிக்குள் சிப் இல்லை, படிவத்தில் ‘மாற்றம் எதுவும் இல்லை’

உங்கள் கடிதம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சிப் சாவி உள்ள காருக்கு, தூரத்திலிருந்தே இன்ஜினை ஓடவைக்கும் ரிமோட் ஸ்டார்ட் கருவியை வெளிக் கடையில் போட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் இரண்டாவது சாவியின் தலையைப் பிளந்து, உள்ளே இருந்த சிப்பை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் வைத்துவிட்டு, சாவியை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து, இரவு நிறுத்திய கார் காலையில் இல்லை. க்ளெய்ம் படிவத்தில் ‘வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டதா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி, இரண்டு சாவிகளையும் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். இரண்டாவது சாவிக்குள் சிப் ஏன் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி இப்போது எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. கடைக்காரர் வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். கடைக்காரர் மேல் கேஸ் போட்டு காரின் முழு மதிப்பையும் வாங்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

இதைத் தவிர நீங்கள் எழுதிய எதுவும் இந்த விவகாரத்தில் எடை பெறாது. ஒன்பது வருடம் ஒரு க்ளெய்ம்கூடப் போடாமல் பிரீமியம் கட்டியது, ஏஜென்ட் போனை எடுக்காதது, அந்தக் கடையைச் சொன்ன மைத்துனர் இப்போது ஒதுங்கிக்கொள்வது, விசாரிக்க வந்தவர் உங்களைத் திருடனைப் போலப் பார்த்தது, எல்லாம் வலிக்கும், புரிகிறது. ஆனால் இதில் எதையும் எந்த நீதிமன்றமும் எடைபோடாது. எடைபோடப்போவது ஒரே ஒரு தாளை: நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் படிவத்தை.

ரிமோட் ஸ்டார்ட் போட்டதுதான் தப்பாகிவிட்டது என்று நினைத்து அதை மறைத்திருக்கிறீர்கள். அதுவரை உங்களுக்கு இருந்தது சமாளிக்கக்கூடிய சிக்கல். மறைத்த பிறகுதான் அது பெரிய சிக்கலாயிற்று. பாலிசிக் காலத்தின் நடுவில் ஒரு கருவி போட்டுச் சொல்லாமல் விட்டது நிபந்தனை மீறல். அதற்குப் பல நாடுகளில் தொகையைக் குறைத்துக் கொடுக்க வழி இருக்கிறது. க்ளெய்ம் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதியது வேறு ரகம். கம்பெனி அதற்கு மோசடி என்று பெயர் சூட்டிவிட்டால் ஒரு காசுகூடத் தராமல் கோப்பை மூடிவிடலாம். கார் உண்மையாகவே திருடு போயிருந்தாலும் அப்படித்தான்.

கம்பெனி ஏன் சிப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007 செப்டம்பர் முதல் கனடாவிலும் புதிய கார்களில், சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கினார்கள். சாவி துளையைச் சுற்றியுள்ள வளையம் சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கேட்கும், சரியான பதில் வந்தால்தான் இன்ஜின் ஓடும். சாவி இல்லாமல் தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் காரை ஏமாற்றித்தான் ஆக வேண்டும். சாவியின் குறியீட்டை மாட்யூல் என்ற சிறு மின்னணுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்து ஏமாற்றுவது ஒரு வழி. உங்கள் கடைக்காரர் செய்தது போல உண்மையான சிப்பையே காருக்குள் ஒளித்து வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் தவறு நடக்கக்கூடிய இடம் ஒரே ஒரு வயர். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகி ஓடும் நேரத்தில் மட்டும் அந்தச் சிப் காரின் வளையத்தோடு இணைய வேண்டும், மற்ற நேரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனமாக நேரடியாக இணைத்துவிட்டால் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாததுதான், சாவித் துளையைத் திருகத் தெரிந்த யாரும் ஓட்டிக்கொண்டு போகலாம். உங்கள் காரில் சிப் ரிமோட்டில் ஓடும்போது மட்டும் இணைந்ததா, நேரடியாகவே இணைக்கப்பட்டிருந்ததா என்பது தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடைக்காரர்.

சரி, இப்போது ஆபத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் விழுகிற குழிகள் மூன்று. மூன்றின் விளிம்பிலும் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

உடனே கண்ணுக்குத் தெரிவது, முதல் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். ‘சாவி வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியாது’ என்று எழுதலாமா என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். பிளந்து ஒட்டிய தடம் சாவியின் தலையில் தெரியும், பரிசோதிப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். சில கார்களில் கடைசியாக எப்போது ஓட்டியது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதுகூடச் சாவியிலேயே பதிவாகியிருக்கும். இதே போன்ற நிலையில் இருந்த ஒரு கட்சிக்காரர் என்னிடம் வருவதற்கு முன்பே, மாட்யூல் மட்டும்தான் போட்டோம், சாவியைத் தொடவில்லை என்று கடைக்காரரிடம் முன்தேதியிட்ட ரசீது ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். விசாரணையில் கடைக்காரர் இரண்டாவது கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிட்டார். அதுவரை வெறும் க்ளெய்ம் மறுப்பாக இருந்தது போலி ஆவண விவகாரமாக மாறிவிட்டது. அதன் பிறகு அவருக்காக நான் பணத்தைப் பற்றிப் பேசவே முடியவில்லை. அவர் மேல் புகார் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிட்டது.

அடுத்த குழிதான் ஆழமானது. அது நியாயம் போலவே தோன்றும், அதனால்தான் நல்ல மனிதர்கள் அதில் விழுகிறார்கள். கடைக்காரர் மேல் கேஸ் போட வேண்டுமென்றால் மனுவில் நீங்கள் என்ன எழுத வேண்டும்? ‘இவர் செய்த வேலையால் இம்மொபிலைசர் செயலிழந்தது, அதனால் கார் எளிதாகத் திருடு போனது.’ இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி காத்திருக்கிறது. காரின் பாதுகாப்பைப் பலவீனப்படுத்திய மாற்றம்தான் இழப்புக்குக் காரணம் என்று அவர்கள் சிரமப்பட்டு நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவீர்கள். கடைக்காரரிடம் ‘உன் கருவியால்தான் போனது’, கம்பெனியிடம் ‘கருவிக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை’. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டு பக்கமும் தோற்பீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் இதே கதைதான். நோட்டீஸில் கோபத்தில் எழுதிய வரியை வைத்தே க்ளெய்ம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும், கார் கிடைக்காதவரை அது எப்படித் திருடு போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், மெக்கானிக்குகள் காரைச் சோதிக்கப் பயன்படுத்தும் இணைப்பில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவு செய்திருக்கலாம். திருடு போனது என்பதைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. பணம் தர வேண்டியதில்லை என்று பாலிசியில் சொல்லும் விதிவிலக்கு பொருந்துகிறது என்று காட்டுவது பொதுவாகக் கம்பெனியின் பொறுப்பு. உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் இந்த வித்தியாசம்தான். அதைக் கடைக்காரர் மேலிருக்கும் ஆத்திரத்தில் தூக்கி எறியாதீர்கள்.

மூன்றாவது, கடைக்காரர் நீட்டும் தாள். வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறார், பதிலுக்கு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சின்னத் தொகைதானே, கிடைத்தது லாபம் என்று தோன்றும். ஆனால் உங்களுக்கு இழப்பீடு கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று கடைக்காரரிடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. நீங்கள் அவரை முன்பே விடுவித்துவிட்டால் அந்த உரிமையை அழித்தவர் ஆகிறீர்கள், க்ளெய்மை மறுக்க அதுவே தனிக் காரணமாகிவிடும். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். நீங்கள் போடாமல் எழுதிக் கேட்டது நல்ல காரியம்.

அப்படியானால் என்ன செய்வது? எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆகவே எங்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். கம்பெனி கேட்ட விளக்கத்துக்குக் கொடுத்த கெடு முடிவதற்குள், நீங்களாக முன்வந்து படிவத்தைத் திருத்தி எழுத வேண்டும். ரிமோட் ஸ்டார்ட் போட்ட தேதி, இரண்டாவது சாவியின் சிப் எங்கே வைக்கப்பட்டது, படிவத்தில் தவறாக எழுதியது, இவ்வளவு போதும். பயந்துபோய் எழுதினேன் என்று ஒரு வரி சேர்க்கலாம். கண்ணீர் வேண்டாம், ஒன்பது வருடப் பிரீமியம் வேண்டாம், கடைக்காரரைப் பற்றிய குற்றச்சாட்டு கண்டிப்பாக வேண்டாம். பொய்யான வாக்குமூலத்துக்குக் குற்றவியல் விளைவும் இருக்கலாம் என்பதால், அனுப்புவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை விசாரணைக்கு வருபவரிடம் வாய்மொழியாக எதையும் சொல்லாதீர்கள். போலீஸ் புகாரில் சாவியைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதையும் வக்கீலிடம் காட்டுங்கள், இரண்டும் முரண்பட்டால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

கடைக்காரரிடம் சாதாரணமாகப் பேசுங்கள். வேலைச் சீட்டின் நகல், மாட்யூலின் மாடல், வயர் எப்படி இணைத்தார் என்ற குறிப்பு, படம் எடுத்திருந்தால் அது, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரிமோட்டில் ஓடும்போது மட்டும் சிப் இணையும்படி செய்திருந்தால், கருவி இருந்தும் பூட்டு பூட்டாகவே இருந்தது என்று உங்களால் சொல்ல முடியும். நேரடியாக இணைத்திருந்தால் அந்த வாதம் போய்விடும், அதையும் நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அந்த இரவு ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருந்தால் அதையும் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆளில்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த கார் திருடு போவது இதைவிட மோசமான வழக்கு.

அப்புறம், கம்பெனி பாதியோ முக்காலோ தருகிறேன் என்று இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் முழுத்தொகை கிடைக்கும் வழக்கு இது அல்ல. தனிப்பட்ட உபயோகத்துக்கு என்று காப்பீடு செய்த வண்டி வாடகைக்கு ஓடும்போது பறிபோன வழக்கில், அந்த மீறலை வைத்து முழுதாக மறுக்க முடியாது என்று 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்தது. அந்த வழியில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய உச்சம் அதுதான். அந்த வழக்கில் பேசப்பட்டது நிபந்தனை மீறல், உங்கள் வழக்கில் பொய்யும் சேர்ந்திருக்கிறது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2016-ல், உண்மையான இழப்பில் தேவையே இல்லாமல் சொன்ன பொய் இழப்பீடு பெறும் உரிமையைப் பறிக்காது என்று தீர்ப்பளித்திருக்கிறது; ஆனால் சாவியைப் பற்றிய பொய் தேவையில்லாத பொய்யா, முக்கியமான பொய்யா என்பதே அங்கும் சண்டையாகும், அந்தச் சண்டை முடிவதற்குள் வருடங்கள் போய்விடும். நீங்களோ இல்லாத காருக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தவணையை நிறுத்தாதீர்கள், கடன் கொடுத்தவருக்கு இந்தத் தகராறோடு சம்பந்தமில்லை.

கம்பெனி சமரசத் தாளைக் கொடுக்கும்போது அதில் ஒரு வரியைத் தேடுங்கள்: தொகையைப் பெற்றுக்கொண்ட பிறகு, மீதி இழப்புக்காகக் கடைக்காரர் மேல் கோரிக்கை வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா, அதையும் கம்பெனியே எடுத்துக்கொள்கிறதா. அந்த உரிமை உங்களிடம் தங்கினால், அப்போது பேசலாம் கடைக்காரரைப் பற்றி. அதற்கான காலவரம்பு மட்டும் காத்திருக்காது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு, இங்கிலாந்தில் ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு. எந்த நாளிலிருந்து கணக்கு என்பதிலேயே தகராறு வரும் என்பதால், ரிமோட் ஸ்டார்ட் போட்ட நாளிலிருந்தே எண்ணி, அந்தக் கடைசித் தேதியை இன்றைக்கே குறித்து வையுங்கள்.