மகள் அயர்லாந்து வரலாறு படிக்கட்டும், கடன் வாங்கி மட்டும் வேண்டாம்

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் அயர்லாந்தின் மதம், சமூகம் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன், டப்ளினில் எம்.ஏ. சேர்த்துவிடுங்கள் என்கிறாள், அவள் அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார், உங்களுக்கோ தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அடமானப் பேச்சை நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

"நமக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டீர்கள். அவள் படித்தது ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பள்ளியில்தான் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே! பிரசன்டேஷன் சபை சகோதரிகள் 1842-லேயே அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்தில். டப்ளினில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய மார்கரெட் கசின்ஸ் 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றவர். உங்கள் மகள் தொடக் கூடாத விஷயம் எதையும் தொடவில்லை. சென்னையிலிருந்து போகும் ஒருத்திக்கு இந்தத் துறையில் ஒரு தனிப் பலமே உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துறையில் எழுதுவது என்றால் என்ன என்று அவளுக்கே முழுதாகத் தெரியுமா என்பதுதான் என் கவலை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐரிஷ்காரர்கள் என்றாலே காலங்காலமாக ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் பக்தர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1972-ல் எம்மெட் லார்கின் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரையில், அந்தப் பக்தி 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, டப்ளின் பேராயர் கார்டினல் பால் கல்லன் திருச்சபையைக் கட்டி இறுக்கிய காலத்தில் வேரூன்றியது, பஞ்சத்துக்கு முன்னால் ஏழை ஜனங்களில் பெரும்பகுதி கோயிலுக்கு ஒழுங்காகப் போனதே இல்லை என்று வாதிட்டார். அதன்பின் ஒருவர் 1834-ல் நடந்த அரசு விசாரணையின் அறிக்கையிலிருந்து பூசைக்கு வந்தோர் கணக்கை எடுத்துப் பார்த்தார், இன்னொருவர் இல்லை, இந்த மாற்றம் பல தலைமுறைகளாக மெல்ல நடந்தது என்றார். விவாதம் இன்னும் தொடர்கிறது. நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சந்தேகப்பட்டு, சான்று தேடி, எதிர்வாதத்தையும் மதித்து எழுதுவதுதான் இந்த வேலை. இதில்தான் அவளுக்கு ருசி என்றால் சரி. பச்சைப் புல்வெளியும் பழைய கோட்டைகளும்தான் இழுக்கின்றன என்றால் ஒரு சுற்றுலா போய் வரட்டும், போதும்.

இதைச் சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை. 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக்காப்பகம் வெடித்து எரிந்து, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. அதனாலேயே மிஞ்சிய ஆவணங்களை அந்த நாடு பொத்திப் பாதுகாத்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் வீடு வீடாக இருக்கின்றன. ஒரு படிவத்தைத் திறந்தால் பெயர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, தொழில், ஐரிஷ் மொழி பேசுவாரா என்று வரிசையாக வரும். மணமான பெண்ணுக்கு நேராக, எத்தனை பிள்ளை பெற்றாள், அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கட்டங்களும் உண்டு. ஒன்பது, ஐந்து என்று ஒரு கையெழுத்தில் பார்த்தால் மனம் கனத்துவிடும். அந்த மனக்கனத்தோடு நிறுத்தாமல், அடுத்த தெருவில் எப்படி, கத்தோலிக்க வீட்டுக்கும் புராட்டஸ்டன்ட் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஐம்பது படிவங்களை எண்ண அவள் தானாக உட்கார்ந்தால், அவளுக்கு இந்த வேலை வரும்.

ஆறு மாதம் கொடுங்கள். ஒரே ஒரு தெருவையோ, சென்னைக்கு வந்த ஐரிஷ் சகோதரிகளையோ எடுத்துக்கொண்டு பதினைந்து பக்கக் கட்டுரை எழுதட்டும். இரண்டாவதைத்தான் நான் விரும்புவேன், ஏனென்றால் அந்தக் கதையின் பாதி அயர்லாந்தில், பாதி இங்கே இருக்கிறது, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருத்தியால்தான் இரண்டு பாதியையும் படிக்க முடியும். இன்னொன்று, இடைக்காலம் பக்கம் போனால் லத்தீனும் பழைய ஐரிஷும் கற்றே ஆக வேண்டும். 19, 20-ம் நூற்றாண்டு என்றால் ஆங்கிலத்தை வைத்து நிறையவே செய்யலாம்.

இப்போது வேலை. மறைக்காமல் சொல்கிறேன், "அயர்லாந்து வரலாற்றுப் பேராசிரியர்" என்று இந்தியாவில் யாரும் விளம்பரம் கொடுக்கப் போவதில்லை, அயர்லாந்திலும் அந்தப் பதவிகள் குறைவு, போட்டி கடுமை. அங்கே எம்.ஏ. முடித்தால் இரண்டு ஆண்டு வரை தங்கி வேலை தேட அனுமதி கிடைக்கும், ஆனால் அதற்குப் பிந்தைய வேலை அனுமதிச் சீட்டு ஐடி, மருத்துவம் படித்தவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது போல வரலாறு படித்தவர்களுக்குக் கிடைக்காது. கட்டணம் மட்டுமே பெரும்பாலும் 15,000 யூரோவுக்கு மேல், டப்ளின் வாடகை அதற்கும் மேலே பயமுறுத்தும். வீட்டை வைத்துப் போகிற படிப்பு இது இல்லை.

நான் சொல்லும் வழி இது. எம்.ஏ. இங்கேயே நல்ல மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும், கூடவே கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வும் எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வந்துவிட்டால், இங்கே பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய், கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் கதவு திறந்தே இருக்கும். அல்லது பிஎச்.டி.க்கு அயர்லாந்து போகலாம், அங்கே அரசு தரும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வழிகாட்டியாக ஒரு பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரிடம் காட்டத்தான் அந்தப் பதினைந்து பக்கம்.

எம்.ஏ.வே அங்கேதான் என்று அவள் பிடிவாதமாக நின்றால், அயர்லாந்து அரசின் சர்வதேசக் கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஓராண்டுக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, செலவுக்கு 10,000 யூரோ. சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும், அறிவிப்பும் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்தில் வந்துவிடும். ஆகவே மூன்றாம் ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிடச் சொல்லுங்கள், மேனூத் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் சேர்க்கட்டும். 1795-ல் குருமடமாகத் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது அது, மத வரலாறு படிக்கிறவளுக்குப் பொருத்தமான இடம். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் அந்த ஆண்டே இங்கே எம்.ஏ. சேர்த்துவிடுங்கள்.