பால் இல்லாத வீட்டில் மோர்க்குழம்பு

சென்ற இதழில், "வீகனாக மாற நினைப்பவர்கள் என்னிடம் கேட்கலாம்" என்று இரண்டு வரி போட்டிருந்தேன். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விடுவது; தோல், பட்டு பக்கமும் போகாமல் இருப்பது. இதுதான் வீகன். வந்த கடிதங்களைப் பார்த்தால் கறியை விடுவதில் யாருக்கும் பெரிய துக்கம் இல்லை. காபிக்கும் தயிருக்கும்தான் ஊர் ஊராக அழுகை. மதுரையில் பல வருடமாகப் பால் வாங்காத ஒரு சமையலறையிலிருந்து பதில் எழுதுகிறேன். வீட்டுக்காரர் மட்டும் தனக்கென்று ஒரு பாக்கெட் வாங்கி, தனிப் பாத்திரத்தில் காய்ச்சிக்கொள்கிறார். சண்டை கிடையாது.

அக்கா, நாங்கள் சைவக் குடும்பம். வீகனாக மாறலாம் என்று பாதாம் பால், டோஃபு என்கிற சோயா பன்னீர், வீகன் சீஸ், சியா விதை எல்லாம் வாங்கினேன். பர்ஸ் காலி. மாதாமாதம் இது கட்டுப்படியாகாது. எங்கே தொடங்குவது?
*வாசகி, ஈரோடு*

வாங்கியதைத் தின்று தீருங்கள். மறுபடி வாங்காதீர்கள். அந்தக் கடைக்காரர் உங்களை அமெரிக்காவில் குடியிருக்கும் வீகனாக நினைத்து விற்றிருக்கிறார்.

போன வாரம் வீட்டில் என்னென்ன சமைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இட்லி, தேங்காய்ச் சட்னி, முருங்கைக்காய் சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், இடியாப்பம், தேங்காய்ப்பால். இதில் பால் எங்கே இருக்கிறது? தாளிப்பில் ஒரு கரண்டி நெய், அவ்வளவுதான். நீங்கள் மாற்ற வேண்டியது பருப்பு சாதத்து நெய், காலை மாலை காபி, மதியத் தயிர், மோர்க்குழம்பு, பண்டிகை இனிப்பு. சமையலறை முழுவதையும் கவிழ்த்துப் போட அவசியமே இல்லை.

நெய்யில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். சூடான சாதத்தில் பருப்புப்பொடி போட்டு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுபவர் நெய்யைத் தேடுவதில்லை. வெண்பொங்கலுக்கு மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் பொரித்துக் கொட்டுங்கள். வாசனை வேறாகத்தான் இருக்கும், ஆனால் தட்டில் மிஞ்சாது. அடுத்து இனிப்பு, அப்புறம் காபி. தயிரைக் கடைசிக்கு வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டவர்களும் இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் அது எடுபடாது, மற்றவர்கள் பழக நாள் ஆகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பாலையும் தயிரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்புவதுதான் நம் வீடுகளில் நடப்பது. புரதம் அங்கேதான் குறைகிறது. சாம்பாரில் பருப்பைக் கூட்டுங்கள். தட்டைப்பயறு, மொச்சை, வேர்க்கடலை, சோயா என்று ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். வேர்க்கடலையில் கால் பங்கு புரதம், சோயா மொச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டும் மளிகைக்கடை மூட்டையிலேயே கிடைக்கும்.

சோயா பாலை டிகாக்ஷனில் ஊற்றினால் திரிதிரியாகப் பிரிந்துவிடுகிறது. காபியை விடச் சொல்லாதீர்கள், அதைத் தவிர வேறு எதையும் கேட்கிறேன்.
*வாசகர், கும்பகோணம்*

கும்பகோணத்துக்காரரிடம் காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. டிகாக்ஷனில் புளிப்புத்தன்மை உண்டு. அதோடு சூடும் சேர்ந்தால் சோயாவின் புரதம் உறைந்து பிரியும், எலுமிச்சை பிழிந்து டோஃபு எடுப்பது போலத்தான். ஆகவே ஊற்றும் வரிசையை மாற்றுங்கள். பாலைக் கொதிக்க விடாமல் சூடு பண்ணி டம்ளரில் எடுத்துக்கொண்டு, டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். இளவறுப்புக் கொட்டையில் புளிப்பு அதிகம். நன்றாகக் கறுக்க வறுத்த தூளில் சிக்கரி கலந்திருந்தால் பிரிவது குறையும்.

என் வழி முந்திரி. ஒரு டம்ளருக்குப் பத்துப் பன்னிரண்டு முந்திரியை ஊறவைத்து, மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்து வெந்நீர் விட்டால் பால் தயார், வடிகட்டக்கூட வேண்டாம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கூழாகிவிடும், அது மட்டும் வேண்டாம். தேங்காய்ப்பால் காபியில் தேங்காயாகவே நிற்கும். டிகிரி காபி வருமா என்றால், வராது. வரும் என்று சொல்பவர் காபி குடிக்காதவராக இருப்பார்.

தயிர் இல்லாமல் என் மகனுக்குச் சாப்பாடு இறங்காது. கடலையில் தயிர் போடலாம் என்கிறார்களே, உண்மையா?
*வாசகி, சேலம்*

உண்மைதான். நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் தேய்த்துத் தோலை உரியுங்கள். தோல் இருந்தால் துவர்க்கும். மூன்று டம்ளர் தண்ணீரில் பாதியை விட்டு நைசாக அரைத்து, மீதியையும் சேர்த்து மெல்லிய துணியில் பிழியுங்கள். சக்கையை எறியாதீர்கள், அடைமாவில் போகும். பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். கரண்டியை எடுத்தால் அடிபிடிக்கும், அடிபிடித்தால் தயிரில் கருகல் வாசனை போகவே போகாது. பொங்கி வந்து, பச்சை வாசனை அடங்கும்வரை சிறு தீயில் கிண்டுங்கள்.

விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். வீட்டில் பால்தயிர் இல்லையே, எதை உறையாக ஊற்றுவது? ஐந்தாறு பச்சைமிளகாயின் காம்பை அடியோடு கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள். வெயில் காலத்தில் ஏழெட்டு மணி நேரம், மார்கழியில் அதற்கு மேலும் ஆகும். முதல் தடவை வரும் தயிர் சுமாராகத்தான் இருக்கும். நீர்விட்டு, மிளகாய் நெடியோடு வரும். அதை அப்படியே சாப்பிட்டுவிட்டு, "வீகன் தயிர் நன்றாக இல்லை" என்று எனக்கு எழுதுபவர்கள் நிறைய. அதில் ஒரு கரண்டியை உறையாக வைத்து அடுத்த பாலுக்கு ஊற்றுங்கள். இரண்டாம் மூன்றாம் தடவையில் கட்டியாகத் தோயும்.

கடலை வாசனை கொஞ்சம் இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தால் தயிர்சாதத்தில் அது தெரியாது. மோர்க்குழம்புக்கு அடுப்பை அணைத்த பிறகு கடைசியில் ஊற்றுங்கள், கொதித்தால் திரியும். ஆனால் பால்தயிருக்கும் அதே விதிதானே!

அக்கா, மீன் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். விட்டு ஆறு மாதம் ஆகிறது. பழைய சோற்றிலும் ஸ்பைருலினா என்ற பாசிப்பொடியிலும் வைட்டமின் பி12 இருப்பதால் மாத்திரை தேவையில்லை என்று நண்பன் சொல்கிறான். சரியா?
*வாசகர், தூத்துக்குடி*

இல்லை தம்பி. மற்ற எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

பி12-ஐச் செடி தயாரிப்பதில்லை, மிருகமும் தயாரிப்பதில்லை. ஒரு வகை பாக்டீரியாதான் தயாரிக்கிறது. அது மாட்டின் வயிற்றிலும் மீனின் உடம்பிலும் சேர்ந்து நமக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வழியை அடைத்தால் வேறு வழி திறக்க வேண்டும். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12-ன் போலி. நம் உடம்புக்கு அது பயன்படாது. பழைய சோறு அருமையான சாப்பாடு, ஆனால் பி12-க்கு அதை நம்ப முடியாது.

கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது. "நான் மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று புதியவர்கள் பெருமை பேசுவது அந்தச் சேமிப்பின் தயவில்தான். அப்புறம் களைப்பு, கைகால் மரத்துப்போதல், மறதி. கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடுபவருக்கு ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் கூடுதலாகக் கிடைப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறையலாம். நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

1944-ல் தொடங்கிய பிரிட்டனின் வீகன் சொசைட்டி சொல்லும் கணக்கு: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். உடம்புக்குத் தினசரித் தேவை இரண்டரை மைக்ரோகிராம்தான். ஒரே மூச்சில் அதிகம் போட்டால் உடம்பு சிறு பங்கைத்தான் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் வாரக் கணக்கு அவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு, எத்தனை மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குறைந்திருந்தால் அவர் ஊசி போடச் சொல்லலாம்.

என் குழந்தைக்கு எட்டு மாதம். அவளையும் வீகனாக வளர்க்கலாமா? பால் இல்லாமல் கால்சியம்?
*வாசகி, கோவை*

ஒரு வயதுவரை தாய்ப்பால், இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் பால்மாவு. தேங்காய்ப்பாலோ பாதாம் பாலோ அதற்கு ஈடு அல்ல. நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவரானால் உங்கள் பி12-ஐ முதலில் பாருங்கள், அவளுக்குப் போவது உங்களிடமிருந்துதான். குழந்தை மருத்துவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். பத்திரிகையைப் படித்துச் செய்யும் காரியம் இல்லை இது. உங்களுக்குச் சொல்வதானால், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கீரை, எள்ளும் இருக்கின்றன. சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாம்தானே? ஓட்டலில் என்ன சொல்லிக் கேட்பது?
*கல்லூரி விடுதி மாணவி, சென்னை*

பச்சைப் புள்ளி சைவத்துக்கு, பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகனுக்குத் தனிச் சின்னம் உண்டு. 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு இலையும் இருக்கும். அது இல்லாத பொருளென்றால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பிஸ்கட், பிரெட், சாக்லேட், சிப்ஸ் மசாலா எல்லாவற்றிலும் பால்பொடி ஒளிந்திருக்கும்.

நம் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. மோர் மிளகாய் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. சுண்டைக்காய் வத்தலையும் மோரில் ஊறவைத்துத்தான் காயவைப்பார்கள். ரவா தோசை மாவில் மோர், குருமாவில் தயிர், பரோட்டா மாவில் சில கடைகளில் பாலும் முட்டையும். ஓட்டலில் "வீகன்" என்றால் புரியாமல் போகலாம். "நெய், தயிர் எதுவும் படக்கூடாது, எண்ணெயில் சுடுங்கள்" என்றால் மாஸ்டருக்குப் புரியும். விடுதி அறையில் வறுகடலை, கடலைமிட்டாய், அவல், வாழைப்பழம் இருக்கட்டும். மெஸ்ஸில் பன்னீர் போடும் நாளுக்கு உதவும்.

வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கிறோம். பிள்ளை போலப் பார்க்கிறோம். கன்று குடித்தது போகத்தான் கறக்கிறோம். இதில் என்ன பாவம்?
*விவசாயி, உடுமலைப்பேட்டை*

ஐயா, பாவம் என்ற கணக்கை நான் எழுதுவதில்லை. நானும் மாட்டு வீட்டில் வளர்ந்தவள்தான். எங்கள் சிவப்பி, என் அம்மாவைத் தவிர வேறு யார் போய் உட்கார்ந்தாலும் காலை உதறுவாள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பால் வேண்டுமென்றால் மாடு சினையாக வேண்டும், கன்று போட வேண்டும். அதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் கன்றுகள் எங்கே போயின? கிடேரி நிற்கிறது, காளை சந்தைக்குப் போகிறது. பொள்ளாச்சி மாட்டுச்சந்தையிலிருந்து லாரி எந்தப் பக்கம் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிடேரியாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த சினை ஊசியை அரசாங்கமே போடுகிறது. காளைக்கன்று யாருக்கும் வேண்டாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கறவை வற்றிய மாட்டைக் கடைசிவரை கட்டி வைத்துத் தீவனம் போடும் வீடுகளும் உண்டு. உங்கள் வீடு அப்படியென்றால் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. நகரத்தில் பாக்கெட் பால் வாங்குகிறவருக்கு அந்தப் பதில் பொருந்தாது.

மாமியார் பழனிப் பஞ்சாமிர்தத்தை நீட்டினால் என்ன செய்வது?
*வாசகி, திண்டுக்கல்*

வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சையோடு நெய்யும் தேனும் அதில் உண்டு, ஆகவே வீகன் இல்லை. நான் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவேன். நீங்கள் ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டால் எந்தப் போலீசும் வராது. முதல் வருடத்தில் மாமியாரோடு மல்லுக்கட்ட இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காபியில் முந்திரிப் பால் கேட்கவே உங்களுக்கு அவர் தயவு வேண்டும்.

பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைகளை என்ன செய்வது?
*வாசகி, காஞ்சிபுரம்*

கட்டுங்கள். கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுத்தது எடுத்ததுதான், புடவையை எறிந்தால் எந்தப் புழுவும் திரும்பாது. புதிதாக வாங்காமல் இருந்தால் போதும். கல்யாணத்துக்குச் சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் இருக்கின்றன. கைப்பை, செருப்புக்கும் இதே கதைதான், அறுந்த பிறகு மாற்றுங்கள்.

அடுத்த இதழில் தீபாவளிப் பலகாரம். முறுக்கு, எள்ளுருண்டை, அதிரசம் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம். நெய் இல்லாத மைசூர்பாகு மட்டும் கேட்காதீர்கள்.