சங்கரதேவரும் கலையும் – ஒரு கடிதம்

ஐயா,

சென்ற மாதம் ஒரு சபாவில் சத்ரியா நடனம் பார்த்தேன். அசாமிலிருந்து வந்த ஒரு பெண் ஆடினார். இது சங்கரதேவர் என்ற மகான் கொடுத்த கலை என்று தொடக்கத்தில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நாடகம், பாட்டு, ஆட்டம், ஓவியம், நெசவு என்று ஒரே மனிதர் இத்தனையையும் தொட்டிருக்கிறார். வியப்பாக இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் தன் சமயத்தைக் கொண்டுசேர்க்கத்தானே இவற்றைக் கையில் எடுத்தார்? மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல. அப்படியானால் அதைக் கலைக்கு அவர் விட்டுச்சென்ற கொடை என்று சொல்லலாமா? ஒரு ஞானிக்குக் கலை எதற்கு? கேட்டது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கேட்டதில் தவறே இல்லை. அந்தத் தேன் விளக்கத்தைப் பலரும் சொல்வதுண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சங்கரதேவர் பாகவதத்தை அசாமிய மொழிக்குக் கொண்டுவந்தவர். பல சாதியினரும் பழங்குடி மக்களும் கலந்த ஒரு திரளிடம் அவர் பேசவேண்டியிருந்தது. நாடகம் அதற்கு உதவியது, சரி. ஆனால் அவர் செய்ததை அருகில் போய்ப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை.

ஒரு கருத்தைப் பரப்ப நாடகம் போடுகிறவர் என்ன செய்வார்? நன்றாக நடிக்கத் தெரிந்த நாலு பேரைச் சேர்த்து ஊர் ஊராக அனுப்புவார். சனங்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சங்கரதேவரின் வழி அப்படி இல்லை. அங்கே ஊரே ஆடவேண்டும்.

அசாமின் கிராமங்களில் நாம்கர் என்ற நீண்ட கூடம் இருக்கும். வழிபாட்டிடம்தான், ஆனால் சிலை கிடையாது. ஒரு முனையில் மணிகூட் என்ற கருவறை, அதில் ஆசனத்தின்மேல் ஒரு புனித ஏடு. அவ்வளவுதான். அந்தக் கூடத்தில்தான் கூட்டுப்பாட்டு நடக்கிறது, ஊர்க்கூட்டம் நடக்கிறது, பாவனா என்ற இரவு நாடகமும் நடக்கிறது. (நம்முடைய ‘பாவனை’க்கு உறவுள்ள சொல்தான்.) நடிப்பவர்கள் உழவர்கள், கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள். கிருஷ்ணனாக வேடம் கட்டுபவர் அன்றைக்கு விரதம் இருப்பார். அவர் கூடத்துக்குள் வரும்போது கூடவே வளர்ந்தவர்கள்கூட எழுந்து கும்பிடுவார்கள். விடிந்தால் அவர் மறுபடி வயலுக்குப் போகிறவர்தான். சிலையை எடுத்துவிட்ட ஒரு வைணவ மரபில் கடவுளைக் கண்ணால் காணும் வழியாக இது இருக்கிறது. பாவனாவை எடுத்துவிட்டால் அந்த வழிபாடு பாதியாகிவிடும். அதனால்தான் கலையை இங்கே தேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சங்கரதேவர் 1449-இல் போர்தோவாவில் பிறந்து 1568-இல் கூச் பெஹார் பக்கம் மறைந்தார் என்பது மரபு. நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகள். அவருடைய முதல் நாடகம் ‘சிஹ்ன யாத்ரா’ என்று சரித நூல்கள் சொல்கின்றன. அதன் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்காக ஏழு வைகுண்டங்களைத் தாள்களில் தாமே வரைந்தார், குயவர்களைக் கொண்டு கோல் என்னும் மத்தளம் செய்வித்தார் என்ற செய்தி மட்டும் நிற்கிறது. அவருடைய ஆறு நாடகங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் கடைசி ‘ராம விஜய’. அது அவர் மறைந்த 1568-ஆம் ஆண்டையே சேர்ந்தது. இடையில் அவர் பட்டது கொஞ்சமல்ல. அப்போது அந்தப் பக்கத்தை ஆண்ட அகோம் அரசு அவருடைய மருமகன் ஹரியைக் கொன்றது. ஊரை விட்டு மேற்கே கோச் நாட்டுக்குப் போனார். இத்தனைக்கும் பிறகு, உடல் ஓயும் வயதில், சீதையின் திருமணத்தை மேடைக்கு எழுதிக்கொண்டிருந்தார். கருவி என்று நினைத்திருந்தால் அதை எப்போதோ சீடர்கள் கையில் கொடுத்திருக்கலாம்.

நாடகங்களின் மொழி பிரஜாவலி. மைதிலியும் அசாமியமும் கலந்தது, வீட்டில் யாரும் பேசாத மொழி. எளிதாகப் புரிவதுதான் நோக்கமென்றால் தெருவில் பேசுவதையே எழுதியிருப்பார். அவர் கிருஷ்ணனுக்கென்று தனியாக ஓர் இனிமையைத் தேடினார். புரியவைக்கும் வேலையைச் சூத்ரதாரி செய்கிறார். நம்முடைய கட்டியக்காரன்போலவே தொடக்கத்திலிருந்து முடிவுவரை மேடையை விட்டுப் போகாமல் ஆடி, பாடி, கதையைக் கோத்துக்கொடுப்பவர்.

பாட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. சங்கரதேவர் இருநூற்று நாற்பது போர்கீதங்கள் பாடினாராம். ‘போர்’ என்றால் பெரிய, உயர்ந்த. கமலா காயன் என்ற சீடர் ஏட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார். வீடு தீப்பிடித்து ஏடு எரிந்துவிட்டது. குரு மிகவும் நொந்துபோனார், திரும்ப எழுதவில்லை. இனி நீ பாடு என்று தன் முதன்மைச் சீடர் மாதவதேவரிடம் சொல்லிவிட்டார். மற்றவர்களின் நினைவிலிருந்து மீண்டவை சுமார் முப்பத்தைந்து. பற்றை விடச்சொன்ன ஒரு குரு பாட்டு போனதற்காக நொந்தார் என்பதை அந்த மரபு மறைக்காமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். போர்கீத ஏடுகளில் ராகம் குறித்திருக்கும், தாளம் இருக்காது. ஒரே பாட்டைத் தாளமில்லாமல் விட்டுப் பாடலாம், கோலுடன் சேர்த்து வெவ்வேறு தாளங்களிலும் பாடலாம்.

நீங்கள் நெசவையும் சொல்லியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் இதற்குத்தான் ஒரு தனிப் புத்தகம் வேண்டும். கோச் அரசர் நரநாராயணனின் தம்பி சிலாராய், கண்ணனின் பிருந்தாவன வாழ்க்கையைத் துணியில் பார்க்க ஆசைப்பட்டார். பர்பேட்டா அருகே தாந்திகுசியில் இருந்த நெசவாளர்களைக் கொண்டு சங்கரதேவர் அதை நெய்வித்தார். காட்சிகளை அவரே வகுத்தார், நிறங்களைச் சொன்னார், தறிப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டார். அந்தத் துணி இன்று இல்லை. ஆனால் அந்த வழியில் 1680-ஐ ஒட்டி நெய்த ஒரு பட்டு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது, ஒன்பது மீட்டருக்கும் மேல் நீளம். எப்படியோ திபெத்துக்குப் போய் கோப்ஷி என்ற ஊரில் கிடந்து, 1904-இல் பிரிட்டிஷ் படையெடுப்போடு வந்த ஒரு பத்திரிகையாளர் கையில் கிடைத்து, லண்டனுக்குப் போய்ச்சேர்ந்தது. கண்ணன் காளியன்மேல் ஆடுகிறான், கொக்கு அரக்கனின் அலகைப் பிளக்கிறான். காட்சிகளுக்கு நடுவே எழுத்தும் நெய்திருக்கிறது. சங்கரதேவரின் ‘காளிய தமன’ நாடக வரிகள்! அவர் போய் நூறு ஆண்டுக்குப் பிறகு, அரங்கில் பாடிய வரியை ஒரு நெசவாளர் இழை இழையாக எண்ணித் தறியில் ஏற்றியிருக்கிறார். நாடகம் அவருக்குள் எவ்வளவு ஊறியிருந்தால் இது நடக்கும்.

இனி நீங்கள் பார்த்த நடனம். சத்ரா என்பது இந்த மரபின் மடம். நம் ஊர்ச் ‘சத்திர’மும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சங்கரதேவர் நாடகங்களில் வைத்த ஆட்டங்களோடு மாதவதேவரும் பின்வந்தவர்களும் சேர்த்தவை இந்த மடங்களில் வளர்ந்தன. கமலாபாரி போன்ற சத்ராக்களில் சிறுவயதிலேயே வந்து சேரும் பையன்கள் ‘மாட்டி அகரா’ என்ற தரைப் பயிற்சிகளில் தொடங்குகிறார்கள். பெண்மை நளினமுள்ள ‘சாலி’யையும் துறவிகளே ஆடினார்கள். அறிஞர் மகேஸ்வர் நியோக் 1958-இல் தில்லியில் நடந்த நடனக் கருத்தரங்கில் இதை நாட்டுக்கு எடுத்துச்சொன்னார். சங்கீத நாடக அகாதமி செவ்வியல் நடனமாக ஏற்றது 2000-இல். நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

பெண்கள் இன்று இதை ஆடுவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. நூற்றாண்டுகளாக அவர்களுக்குத் திறக்காத கதவு அது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. சத்ராவில் பார்ப்பவர்கள் இரண்டு பக்கமும் தரையில் உட்கார, ஆடுபவர் மணிகூட்டைப் பார்த்து ஆடுவார். நாமெல்லாம் ஓரம். சபாவில் அந்த இடத்தில் நாம் இருக்கிறோம். நீங்கள் பார்த்தபோது ஆடியவரின் கண் உங்களைத் தாண்டி எங்கோ நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். நல்ல சத்ரியா கலைஞர்களிடம் அதைக் கவனித்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாஜுலித் தீவில் சாமகுரி சத்ராவுக்குப் போயிருந்தேன். முகமூடிக்குப் பேர்போன இடம். மூங்கிலைப் பிளந்து முகம் பின்னி, களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, மேலே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி வெயிலில் வைக்கிறார்கள். தாடை அசையும் முகமூடிகூட உண்டு. 2024-இல் இந்த முகமூடிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தீவைப் பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கிறது. சில சத்ராக்கள் நிலத்தை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரைக்கு இடம்பெயர்ந்திருக்கின்றன. அங்கே நின்றபோது அதுதான் மனதை அழுத்தியது. பூசிய மண்ணும் அதே ஆற்றின் மண்.

முடிந்தால் கண்ணனின் ராசலீலையைக் கொண்டாடும் ராஸ் விழாவின்போது மாஜுலிக்குப் போய்வாருங்கள். வடநாட்டுக் கணக்கின் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில் வரும். ஜோர்ஹாட் அருகே நிமாத்தி துறையிலிருந்து படகு இருக்கிறது. அப்புறம், நாற்காலி தேடாதீர்கள், பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். ஆட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.