தம்புரா எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். காலஞ்சென்ற என் அப்பா எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வானொலியிலிருந்தும் சபாக்களிலும் பதிவு செய்த கர்நாடக இசைக் கேசட்டுகள் நூற்றுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. விடுமுறை நாள்களில் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வருகிறேன். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால்தான் முழுத் தரமும் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக வைப்பதா, சிறிதாகச் சுருங்கும் எம்.பி.3 போதுமா என்பதிலும் குழப்பம். நீங்கள் இசை மென்பொருள்களைப் பற்றி எழுதுபவர் என்பதால் கேட்கிறேன். இத்துடன் ஒரு பாடலை இணைத்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைக் கொண்டு ஒரே சொடுக்கில் இரைச்சலை முழுவதும் நீக்கி, முன்னும் பின்னும் இருந்த வானொலி அறிவிப்பையும் வெட்டிவிட்டேன். இப்போது ஸ்டுடியோவில் பாடியதுபோல் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கேள்விகள் எளியவை என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கேசட் நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுவது. வீட்டு ரெக்கார்டரில் பதிந்த சாதாரண நாடாவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பொருட்படுத்தத் தக்க இசை எதுவும் இருப்பதில்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அது தாங்கும் இடைவெளி 50, மிஞ்சினால் 60 டெசிபல். 1982-இல் வந்த குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் 96 டெசிபல் வரையிலும் பிடித்து வைத்துவிடும். 90 நிமிடக் கேசட்டுக்கு அந்த அளவில் ஏறத்தாழ 950 மெகாபைட் ஆகும்; உங்கள் நண்பர்கள் சொல்லும் அளவில் 6 ஜிகாபைட்டைத் தாண்டும். பதியும்போது மட்டும் 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் ஒலி உடைந்துவிடாமல் அளவைச் சற்றுத் தாழ்த்திப் பதிய அது உதவும். சேமிப்புக்கு ஃப்ளாக், கைபேசியில் கேட்க எம்.பி.3. நண்பர்களோடு வாதிட வேண்டாம், வன்தட்டு அவர்கள் காசில்தானே வாங்குகிறார்கள்.

இனி அந்த இணைப்புக்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிலை எழுதுவதே அதற்காகத்தான், ஏனென்றால் இந்த ஒரே சொடுக்குக் கருவிகளைப் பற்றிப் பல மாதங்களாக மனத்துக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்களே மறுபடி கேளுங்கள். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்செடுக்கிற இடத்தில் என்ன கேட்கிறது? ஒன்றுமே கேட்கவில்லை. கச்சேரியில் அப்படியொரு வெறுமை கிடையாது, அந்த இடத்தை நிரப்புவதற்குத்தான் இடைவிடாமல் சுருதி மீட்டும் தம்புரா இருக்கிறது. உங்கள் கோப்பில் பாடகர் வாய் திறக்கும்போது அது குரலோடு ஒட்டிக்கொண்டு லேசாக எட்டிப் பார்க்கிறது, அவர் நிறுத்தியதும் அதுவும் அணைந்துவிடுகிறது. பாட்டு நெடுகிலும் இதுவே நடக்கிறது. இதை நீங்கள் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஸ்டுடியோவில் பாடியதுபோல் இருக்கிறது என்று வேறு எழுதுகிறீர்கள். ஐயா, வானொலிக் கச்சேரிகள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் பாடப்பட்டவைதாம்! அந்த ஸ்டுடியோவுக்குள் தம்புரா இருந்தது. அதை வெளியே அனுப்பியது நீங்கள்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை மென்பொருள் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கை, ஆயினும் சொல்கிறேன். ஆடாசிட்டி போன்ற பழைய கருவிகளில் இரைச்சல் நீக்கத்துக்கு இரண்டு படிகள் உண்டு. பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள ‘வெறும்’ பகுதியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அது அந்தப் பகுதியில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று அளந்து, பாட்டு முழுவதிலும் அந்தந்த அதிர்வெண்ணில் அந்த அளவை மிஞ்சாத ஒலியையெல்லாம் தணித்துவிடும். மேலைநாட்டுப் பாட்டுக்கு இது சரி. நம் கச்சேரியில் பாட்டுக்கு முன்னுள்ள வெறும் பகுதியில் ஒலித்துக்கொண்டிருப்பது சுருதி. அதை இரைச்சல் என்று காட்டினால் மென்பொருள் ஷட்ஜத்தையும் (ஸ) பஞ்சமத்தையும் (ப) அவற்றின் மேல்வரிசை ஒலிகளையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. பாடகர் மேல் ஷட்ஜத்தில் நின்று குரலை மெல்லத் தேய்த்து முடிக்கிறாரே, அந்தத் தேய்மானமும் பட்டியலில் இருக்கிற அதிர்வெண்ணில்தான் விழுகிறது. ஆகவே அதுவும் பாதியில் அறுந்துபோகிறது.

புதிய கருவிகளுக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கக்கூடத் தேவையில்லை. பேச்சையும் பின்னணிச் சத்தத்தையும் ஏராளமாகக் கேட்டுப் பழகிய அவை, மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதைத் தாமாகவே மின்விசிறி என்றும் குளிர்சாதனம் என்றும் முடிவு கட்டிவிடுகின்றன. 2020-இல் பாட்டு வகுப்புகள் எல்லாம் காணொலி அழைப்புக்கு மாறியபோது இதே கூத்துதான் நடந்தது. ஆசிரியர் பக்கம் தம்புரா ஒலிக்கும், மாணவர் காதுக்கு வந்து சேராது, மாணவர் சுருதி விலகிப் பாடுவார், ஆசிரியர் அதட்டுவார். ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு எங்கோ ஆழத்தில் ஒளிந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை எத்தனை குழந்தைகள் காரணமின்றித் திட்டு வாங்கினவோ!

உங்களிடம் எஞ்சியிருக்கிற கொஞ்ச நஞ்சத் தம்புராவும் சரியாக இல்லை. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலைச் செருகி, மயிரிழை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள் அல்லவா, அந்த நூல் தரும் ரீங்காரம் முழுக்க உயர் அதிர்வெண்களில் இருப்பது. கேசட்டின் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் காதில் உறுத்துவதும் அதே வட்டாரத்தில்தான். சீறலை வெட்டுகிற கத்திக்கு ஜீவா தெரியாது. அதனால்தான் உங்கள் பாடலில் தம்புரா தலைகாட்டும் இடங்களிலும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் குழைந்து கேட்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு வைத்துக் கோயில் சுவர்களைப் பளபளப்பாக்கியவர்கள் கல்வெட்டுகளையும் சேர்த்து உரித்துவிட்டுப் போனது நினைவுக்கு வருகிறது.

அடியில் ‘ஹ்ம்ம்’ என்று கேட்கும் மின்சார உறுமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஒழிப்பதற்கு முன், அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் அது எந்த இடத்தில் கோடாக விழுகிறது என்று பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோடு 52-இல் இருந்தால் உங்கள் கேசட் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடுகிறது என்று பொருள். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் இரண்டு கட்டையை நெருங்கிவிட்டிருப்பார். அந்நாளில் மின்சாரமே சற்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்பதால் இதில் மிகுந்த துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் மலிவான யு.எஸ்.பி. கேசட் பிளேயர்களின் வேகக் கோளாற்றைக் கண்டுபிடிக்க இதைப்போல் இலவசமான சாட்சி வேறில்லை. சாட்சியை முதலில் தீர்த்துக்கட்டிவிட்டு விசாரணையைப் பிறகு தொடங்குகிறோம்.

என் பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் உற்சவங்களில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்து பதிவு செய்தவர். அவருடைய கேசட் ஒன்றில், ஆலாபனை தொடங்கிச் சற்று நேரம் கழித்து, “பெரியப்பா, பைரவியா?” என்று ஒரு சிறுவன் கேட்கிறான். “மாஞ்சி. பேசாமல் கேள்” என்று தணிந்த குரலில் அவர் சொல்கிறார். அந்தச் சிறுவன் நான். இரண்டு ராகங்களும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று எனக்குப் புரிய அதன் பிறகு வெகுகாலம் பிடித்தது. ஆனால் பிரிகின்றன என்று தெரிந்தது அந்த இரவில்தான். உங்கள் கடிதம் வந்ததும் அந்தக் கோப்பின் நகலொன்றை இத்தகைய கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். பெரியப்பாவும் இல்லை, நானும் இல்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்து ஒலி, அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகியிருந்தது. நல்ல இடத்தில் யாரோ ஒருவர் ‘ஆகா’ என்பாரே, அவரையும் காணவில்லை. பாடகர் மட்டும் யாருமற்ற ஓர் அறையில் யாருக்காகவோ மாஞ்சி பாடிக்கொண்டிருந்தார்.

இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். வானொலி அறிவிப்பை வெட்டினீர்களே, அதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்லும் அரை நிமிடம்தான் அந்தக் கேசட்டில் எழுத்துக்கு நிகரான ஒரே ஆவணம். நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பின் டேகில், அதாவது உள்ளே பதிந்திருக்கும் விவரக் குறிப்பில், பாடகர் பெயர் இருக்கிறது, ‘ஆல்பம்’ என்ற இடத்தில் ‘அப்பா கேசட் 14’ என்று இருக்கிறது, ‘ஜானர்’ என்ற இடத்தில் ‘கிளாசிக்கல்’ என்று இருக்கிறது. ராகம் இல்லை, தாளம் இல்லை, நிரவலில் பாடகருக்கு நிழலாகவே தொடர்ந்து வந்த அந்த வயலின்காரருக்குப் பெயர் இல்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டத்தில், ஸ்பானிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கர்நாடக இசைப் பதிவுகளின் ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர் பெயர் என்று தேடித் தேடிச் சேர்த்தார்கள். கோவையில் இருக்கும் நீங்கள் கையில் கிடைத்த பெயரை வெட்டி எறிகிறீர்கள்.

ஃப்ளாக் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு ஒலித்தரம் பாதிக் காரணம்தான். அதன் டேகில் நாம் விரும்பிய பெயரில் புலங்களை உருவாக்கிக்கொள்ளலாம், ஒரே புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப இடலாம், அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம். எம்.பி.3 டேக் என்ற மென்பொருள், பெயர் அப்படி இருந்தாலும், ஃப்ளாக் கோப்புகளையும் கையாளும். ராகம், தாளம், வயலின், மிருதங்கம், கடம், ஒலிபரப்பான நாள் என்று தனித்தனிப் புலங்கள் போடுங்கள். கேசட் அட்டையில் உங்கள் அப்பா தம் கையால் எழுதி வைத்திருப்பாரே, அதைப் படமெடுத்துக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடலாம். அப்பாவின் கையெழுத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கிலோஹெர்ட்ஸைப் பற்றி இருந்தது.

கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாரிசுகள் கேசட்டுகளைப் பழைய பொருள் வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிடுகிற காலத்தில், விடுமுறையைச் செலவழித்து அப்பாவின் நாடாக்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம்தான் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள முடிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். வெட்டாத மூலக் கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கேசட்டுகளை மறுபடி ஓட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் நாடாவுக்குப் பின்னால், சிறு செம்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் கம்பளிப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்துவிடும், நாடா, அதைப் படிக்கும் ஹெட்டோடு சேராமல் ஒலி மங்கிவிடும். பஞ்சு இருந்தும் மங்கலாகவே கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருகாணியை மெல்லிய திருப்புளியால் மிக மிக இலேசாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் கருவியின் சாய்வும் பொருந்துகிற இடத்தில் ஜாலராவும் ஜீவாவும் சட்டென்று தெளிந்து வரும். எந்த நுண்ணறிவாலும் ஆகாத காரியத்தை அந்தத் திருகாணி கால் சுற்றில் செய்துவிடும். பிறகு எதையும் தொடாமல் சேமியுங்கள். துடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் நகலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாடலை அறிவிப்போடு சேர்த்து எனக்கு மறுபடி அனுப்புங்கள். அந்த வயலின் யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்