தலைவர் பதவியா, கையெழுத்து வேலையா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 140 பிள்ளைகள் படிக்கிறார்கள். என் மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்க அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் நடக்கப்போகிறது. தலைவர் பதவிக்கு மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. முன்னாள் வார்டு உறுப்பினரின் மருமகள், "எனக்கு மேலிடத்தில் ஆள் உண்டு, புதுக் கட்டடம் கொண்டுவருவேன்" என்கிறார். ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை, "ஆசிரியர்கள் நேரத்துக்கு வருவதில்லை, அவர்களை ஒரு கை பார்க்கத்தான் நிற்கிறேன்" என்கிறார். மூன்றாவது பெயர் என்னுடையது. தலைமை ஆசிரியர்தான் நிற்கச் சொன்னார். "நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நாங்கள் காலனித் தெரு. "ஒதுக்கீட்டுக் கணக்குக்காக இவளை நிறுத்துகிறார்கள்" என்று குழாயடியில் பேசிக்கொள்கிறார்கள். என் கணவரோ, "நமக்கு எதற்கு வம்பு, அந்த நேரத்தில் இரண்டு ரவிக்கை தைக்கலாம்" என்கிறார். நிற்கலாமா? நின்றால் கூட்டத்தில் என்ன பேசுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நில்லுங்கள். ஆனால் உங்கள் தலைமை ஆசிரியர் சொன்ன காரணத்துக்காக நிற்காதீர்கள்.

அவர் சொன்ன அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவள். பணி ஓய்வுக்கு முன் சில ஆண்டுகள் ஒரு கிராமப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று காகிதத்தில் இருக்கும், கூட்டம் இருக்காது. தீர்மான நோட்டை நானே எழுதி முடித்து, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். தலைவியம்மா களை எடுக்கப் போயிருந்தால் பையன் வயலுக்கே போவான். வரப்பில் நின்றபடி, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவர் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் அவர் நோட்டோடு நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், கழிப்பறைக் குழாய் பழுது பார்த்தாயிற்று என்று இதில் எழுதியிருக்கிறீர்கள். என் மகள் இன்னும் வீட்டுக்கு வந்துதானே ஒன்றுக்குப் போகிறாள்?" என்று கேட்டார். அந்தப் பணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பதிவேடுகளுக்கும் சுண்ணாம்பு அடிக்கவும் அது செலவாகியிருந்தது. தணிக்கைக்காகக் குழாய் என்று எழுதியிருந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் குழாய் வந்தது.

அந்த அம்மாவின் கையெழுத்துக்கு அன்றுதான் மதிப்பு வந்தது. உங்கள் கையெழுத்து எந்த மாதிரி இருக்கப்போகிறது என்பதுதான் நீங்கள் என்னிடம் உண்மையில் கேட்கும் கேள்வி.

முதலில் இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் இதையும் ஒன்றாகவே பலர் நினைக்கிறார்கள். கழகம் வேறு. மேலாண்மைக் குழு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் வேலை. தலைவர் பெற்றோரில் ஒருவர். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர், அவ்வளவுதான். நம் ஊர்களில் பல ஆண்டுகள் இது தலைகீழாகவே நடந்தது. 2022இல் தமிழ்நாடு முழுவதும் பெற்றோரைக் கூட்டிக் குழுக்களைப் புதிதாக அமைத்த பிறகுதான் தங்கள் பள்ளியில் இப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அப்போது 20 பேர். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள்.

இதற்கு ஏன் இவ்வளவு போட்டி என்று உங்கள் கணவர் கேட்கலாம். 2022இலேயே தற்காலிக ஆசிரியர்களை மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கச் சொன்னது அரசு. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று அப்போது தொகுப்பூதியம் வைத்தார்கள். வேலை கொடுக்கும் இடம் என்று ஊருக்குத் தெரிந்தால் அந்த நாற்காலிக்குக் கண் விழத்தான் செய்யும். நான் எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் "எனக்கு மேலிடத்தில் ஆள் உண்டு" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த ஆள் பள்ளிக்காக வருவாரா, பள்ளி அந்த ஆளுக்காகப் போகுமா என்று ஒரு நொடி யோசிப்பது நல்லது.

புதுக் கட்டட வாக்குறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடம் தருவது மேலாண்மைக் குழுத் தலைவரின் கையில் இல்லை. குழு தீர்மானம் போடலாம், கோரலாம், துரத்தலாம். 140 பிள்ளைகள் உள்ள உங்கள் பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கும் பள்ளி மானியம் 50,000 ரூபாய் (100க்கு மேல் 250வரை பிள்ளைகள் இருந்தால் இந்தத் தொகை). அதிலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். அதுவும் சில ஆண்டுகளில் தாமதமாக வந்து சேரும். ஆக உங்கள் குழு கையாளப்போவது மாதத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றே கூடுதலான பணம். அதில் கட்டடம் எழும்பாது. மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வரும், உடைந்த ஜன்னலுக்குக் கம்பி வரும். கட்டடம் பேசுகிறவரிடம் போன ஆண்டு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் அவரையே தலைவராக்கலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆட்டோ ஓட்டும் தம்பியின் கோபத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று கவனிப்பது குழுவின் வேலைதான். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், ஆறு முதல் எட்டுவரை 220 நாள் பாடம் நடக்க வேண்டும் என்று அதே சட்டம் கணக்குச் சொல்கிறது. ஆனால் ஆசிரியரை மாற்றவோ தண்டிக்கவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். "ஒரு கை பார்க்கிறேன்" என்று உள்ளே வந்தவர்கள் முதல் கூட்டத்திலேயே குரலை உயர்த்துவார்கள். இரண்டாம் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்றாம் கூட்டம் நடக்காது. நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஆசிரியர் தாமதமாக வருவதற்குப் பின்னால் சில சமயம் ஒரு பஸ் இருக்கும். காலை எட்டே காலுக்கு வரவேண்டிய பஸ் நின்றுபோன ஊர்கள் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு மனு எழுத வேண்டியதும் குழுதான். அந்தத் தம்பி உறுப்பினராக உள்ளே இருக்கட்டும். அவரைப் போல ஒருவர் இல்லாத குழு தூங்கிவிடும்.

இனி உங்களைப் பற்றி. "ஒதுக்கீட்டுக் கணக்கு" என்று குழாயடியில் சொல்கிறார்களா? சொல்லட்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் தர வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. யாரும் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை. உங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்வரை அந்த இடம் உங்கள் தெருவினுடையது. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பட்டியல் சாதிப் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். 2020இல் அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. உங்களுக்குப் பக்கத்து மாவட்டம். ஆகவே முதல் கூட்டத்துக்குப் போனதும் தலைவருக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தால் நீங்களே தூக்கி நடுவில் போட்டு உட்காருங்கள். சண்டை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். உட்கார்ந்தபின் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

தலைமை ஆசிரியரைப் பகைத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. என்னைப் போலவே அவரும் களைத்துப்போன ஆளாக இருக்கலாம். பாடம் நடத்த வேண்டும், செயலியில் பதிவேற்ற வேண்டும், காலை உணவைப் பார்க்க வேண்டும், மதியம் சத்துணவைப் பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். கையெழுத்து மட்டும் போடும் தலைவர் அவருக்கு ஒரு வேலை மிச்சம். கூட்டத்துக்கு முன்பே ஒருநாள் மாலை போய் அவரைப் பாருங்கள். "சார், நான் நிற்கிறேன். ஆனால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அவர் முகம் மாறினால் மாறட்டும். நல்ல ஆசிரியர் என்றால் ஆறு மாதத்தில் உங்களுக்கு நன்றி சொல்வார். ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியாக மனுக் கொண்டுபோகும் தலைமை ஆசிரியரை நாலு மணி நேரம் உட்கார வைப்பார்கள். பத்து அம்மாக்களோடு போனால் தேநீர் தருவார்கள். இது என் அனுபவம்.

கூட்டத்தில் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். கொஞ்சமாகப் பேசுங்கள். வாக்குறுதியாக எதையும் கொட்டாதீர்கள். அதற்கு முந்தின வாரம் ஒருநாள் மதியம் பள்ளிக்குப் போய் நான்கு இடங்களைப் பாருங்கள்: பெண் பிள்ளைகள் கழிப்பறை, குடிதண்ணீர்த் தொட்டியின் உட்புறம், சமையலறை, ஒன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பை ஏன் சொல்கிறேன் என்றால் அங்கேதான் தெரியும், பள்ளி பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறது என்று. பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள். "ஆறு முதல் எட்டுவரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. முதல் மாதம் தாழ்ப்பாள் போடுவோம்" என்று நீங்கள் சொன்னால் எழுந்து நின்று கைதட்டப்போவது யார் தெரியுமா? அங்கே வந்திருக்கும் அம்மாக்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு என்றால் என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரே ஒரு உறுதி கொடுங்கள். ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் தீர்மானத்தை உரக்கப் படித்துக்காட்டி, அதன்பிறகே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவேன் என்று சொல்லுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற இருவரும் இதைச் சொல்வார்களா என்று அங்கேயே கேளுங்கள். சொன்னால் உங்களுக்கு வெற்றிதான், யார் தலைவரானாலும்.

பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ குறை போல. அளவு எடுத்து, துணிக்குக் கணக்குப் போட்டு, வாடிக்கையாளரிடம் மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்கிறவர் நீங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ரசீது சரிபார்க்க அது போதும். மேம்பாட்டுத் திட்டம் என்பது மூன்று ஆண்டுகளுக்கு எழுதுவது. பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே இருப்பது எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர், என்ன வசதி வேண்டும், எவ்வளவு பணம் என்பதுதான். படிவத்தை முதலிலேயே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். குழுவில் போட்ட தீர்மானம் நோட்டிலேயே கிடந்தால் அது அங்கேயே செத்துப்போகும். சுற்றுச்சுவர், தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு போன்றவை ஊராட்சியும் ஒன்றியமும் கைவைக்க வேண்டியவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராமசபை கூடும். தீர்மானத்தின் நகலோடு போய் அங்கே எழுந்து படியுங்கள், கிராமசபைத் தீர்மானமாகவும் எழுதவையுங்கள். ஒரே கோரிக்கை இரண்டு நோட்டுகளில் இருந்தால் அலுவலர் ஒன்றைத்தான் தொலைக்க முடியும்.

தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: உறுப்பினராக இருங்கள். பெற்றோருக்கு அத்தனை இடங்கள் இருக்கின்றன. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் உரிமை உறுப்பினருக்கும் உண்டு.

உங்கள் கணவரின் ரவிக்கைக் கணக்கு நியாயமானதுதான். மாதத்தில் ஒரு கூட்டம் என்று வைத்தாலும் அலைச்சலோடு சேர்த்து இரண்டு மூன்று அரை நாள்கள் போகும். அதற்குச் சம்பளம் கிடையாது. அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அவருக்கும் பிள்ளைகள்தானே? பெற்றோர் கூட்டத்தன்று தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு அவரையும் கையோடு அழைத்துப் போங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கும்.